மால்டாவுக்குப் போன மாட்டு மணி

பிறந்தநாள் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆளாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேயிருக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு எண்பது வயதாகிறதாம். மண்டபம் எடுத்தாயிற்றாம், கேக்குக்குச் சொல்லியாயிற்றாம், பளபளக்கிற தாளில் மலர் அடிக்கப்போகிறீர்களாம். "உமக்குத்தான் எழுத வரும். அந்த மால்டாப் பயணத்தை எழுதும். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறவர்" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். கூடவே ஒரு படமும் வந்தது. தேவாலயத்து வாசலில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறோம், நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரியப்பா. படத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்காகவே எழுதுகிறேன். மலரில் போடுவதா, குப்பையில் போடுவதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரப் பிள்ளைகளான உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சின்னப் பிள்ளைகளாகச் சுவிசில் வந்து இறங்கியவர்கள். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறோம், மூக்கில் போட்டிருக்கும் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிறோம். நான் சொல்லப்போகிற காலத்தில் பெரியப்பாவுக்கு என்னுடைய இன்றைய வயதுகூட இல்லை. ஆகவே "பெரியவர், விடும்" என்று இனி ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த வயதில் ஒரு மனிதனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நாங்கள் அப்போது இன்டர்லாக்கனில் இருந்தோம். அப்பா ஒரு பெரிய ஹொட்டேலின் குசினியில் கோப்பை கழுவினார். ஹொட்டேலுக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று கட்டிய வீட்டில் எங்களுக்கு இரண்டு அறை. யன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் குசினியின் புகைக்குழாய். பனிமலையைப் படம் பிடிக்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது புகைக்குழாய்தான். பழைய எண்ணெயும் உருகின சீஸும் கலந்த அந்த மணம் எங்கள் தலையணை உறையில்கூட இருந்தது. இன்றைக்கும் எங்காவது சீஸ் உருக்கினால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

என் தங்கச்சிக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. இங்கே வருமுன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த நாட்களில் கடுங்காய்ச்சல் வந்து, செத்துப் பிழைத்தவள். அதற்கு முதல் மழலையில் ஏதேதோ சொல்லுவாள், காய்ச்சலோடு அது நின்றுபோனது என்று அம்மா சொல்லுவா. மூன்று நாலு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. பசித்தால் ஒன்று, கோபம் வந்தால் ஒன்று. சிரிப்பு மட்டும் எல்லோரையும்போல நன்றாகச் சிரிப்பாள்.

எனக்குப் பத்து வயது. அவளுக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடப் படுத்து, கூடக் குளித்து, கூடச் சண்டை பிடித்ததில் கை தானாகப் பழகியிருந்தது. பெரியவர்கள் அவளை வாயால் கூப்பிட்டார்கள், அவள் திரும்பாவிட்டால் கோபித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியப்பா பேர்ணில் இருந்தார். ஊரில் ஷெல் விழத் தொடங்குவதற்கு வெகுகாலம் முந்தியே வந்தவர். சுவிஸ்காரரின் பாஷையை அவர்களைப்போலவே இழுத்து இழுத்துக் கதைப்பார். எங்கள் குடும்பத்துக்கு வாய் அவர்தான். டொக்டரிடம், பொலிசிடம், பெர்மிட் கந்தோரில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் எங்களுக்காக அவர்தான் கதைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் ரயில் ஏறி வந்து, எங்கள் சோபாவின் நடுவில் இருந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, விரல் நக்கி, பிறகுதான் விசயத்துக்கு வருவார். அவர் பூசும் வாசனைத் தண்ணீரின் மணமும் மீன்குழம்பின் மணமும் கலந்து சோபாவில் ஊறிக் கிடக்கும். திங்கட்கிழமை முழுக்க அந்த மணத்தில்தான் நாங்கள் இருந்தோம்.

அந்த வசந்தத்தில் கிண்டர்கார்ட்டன் டீச்சர் தங்கச்சியைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தா. அப்பாவுக்கு வேலை. அம்மாவுக்குப் பாஷை இல்லை. பெரியப்பாதான் போனார். வந்து, வழக்கம்போலச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"டீச்சர் சொல்லுறா, இவள் சரியான பிடிவாதக்காரியாம். வீட்டில செல்லம் கூடிப்போச்சாம். கோடை லீவு முடியிறதுக்குள்ள கதைக்கத் தொடங்காட்டில் வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போடுவினமாம்."

"வேற பள்ளிக்கூடமெண்டால்?" என்று அம்மா கேட்டா.

"மூளை குறைஞ்ச பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். அதுக்குள்ள ஒருக்காப் போனால் பிறகு வெளியில வாறேல்லை."

அம்மாவின் கையில் குழம்புச் சட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கவலைதான். லீவு முடிவதற்குள் தங்கச்சி ஒரு சொல்லாவது கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளை எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் வசம்பு. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து, நாக்கில் பூசுவது. பூசுவதற்குப் பெரியப்பாதான் வேண்டும். தங்கச்சியின் மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் தன் தடித்த இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கை வெளியே இழுப்பார். "நாக்கு அடியில ஒட்டியிருக்கோ எண்டு பாக்கிறன்" என்பார். சிகரெட் பிடித்து மஞ்சளான விரல். அவள் ஓங்களித்து அவருடைய சேர்ட்டில் சத்தி எடுப்பாள். அவருக்கு அதில் கோபம் வரும், அம்மா துடைப்பா. ஞாயிற்றுக்கிழமை என்றாலே தங்கச்சி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளைக் காலில் பிடித்து இழுத்து எடுப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். இது பெரியப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. "தண்ணி எண்டு வாயால கேட்டால்தான் குடுக்கவேணும். கையைக் காட்டினால் குடுக்கக் கூடாது. தாகம் வந்தால் நாக்கு தானா எழும்பும்." அப்பாவுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான். தங்கச்சி தன் சிவப்புப் பிளாஸ்ரிக் கோப்பையைக் கொண்டுவந்து குழாயடியில் நீட்டிக்கொண்டு நிற்பாள். "தண்ணி சொல்லு, தண்ணி" என்று இருவரும் மாறி மாறிக் கத்துவார்கள். அவள் அவர்களின் வாயையே பார்ப்பாள், தானும் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். மீன் செய்வதுபோல. அது நக்கல் என்று நினைத்து அப்பா அவளுக்கு அடித்திருக்கிறார். இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை தாகத்தோடு வாயைத் திறந்து மூடுகிறது, மூன்று பெரிய ஆட்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. சீ என்று இருக்கிறது.

அப்பாவின் குசினியில் ஒரு மால்டாக்காரர் சமையல் செய்தார். கட்டையான, உரத்துச் சிரிக்கிற மனிதர். ஒவ்வொரு கோடையிலும் தன் ஊர்த் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு போய்விடுவார். தங்கச்சியின் கதை கேட்டு, "எங்களூர் மாதாவிடம் கூட்டி வா. கேட்டதைத் தருகிறவள்" என்றாராம். அப்பா வந்து சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டா. நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் ஊரில் மடு மாதாவுக்குப் போகாத சைவக்காரர் யார்? அந்த வருடம் எங்களுக்கு பெர்மிட்டும் பயணப் பத்திரமும் கிடைத்திருந்தன. பெரியப்பா ரிக்கெற் போட்டார், விசா எடுத்தார், தானும் வாறன் என்றார். "நானில்லாமல் உங்களுக்கு அங்க ஒண்டும் விளங்காது."

அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தா. பேச்சு வராத பிள்ளைக்குக் கோயிலில் மணி கட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆனால் இன்டர்லாக்கனில் கோயில் மணிக்கு எங்கே போவது? பிரதான வீதியில் சுற்றுலாக்காரருக்கு விற்கிற கடை நிறைய மணி தொங்கியது. எல்லாம் மாட்டு மணி. பெரியப்பா அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்புத் தோல் பட்டி, அதில் வெள்ளைச் சிலுவை, பித்தளையில் நீலப்பூ. "மணி மணிதானே, பிள்ளை. சாமிக்கு மாட்டு மணியும் கோயில் மணியும் ஒண்டுதான்." அம்மா அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வெள்ளைத் துணியில் சுற்றி, பயணப் பையில் உடுப்புக்கு நடுவில் வைத்தா.

மால்டாவில் இறங்கியதும் முகத்தில் அடித்தது வெக்கை. பச்சை பூசின பழைய பஸ்ஸில், சீற் கம்பியில் தொடை ஒட்டிக்கொள்ள, மால்டாக்காரரின் ஊருக்குப் போனோம். எல்லா வீடும் ஒரே மஞ்சள் கல். வீதிக்கு மேலே பெட்டிபோல மரத்தில் அடைத்த பல்கனிகள், அவற்றிலிருந்து தொங்கும் சிவப்புத் துணிகள், கொடிகள். கீழே வடிகான்களில் மீன் கழுவின தண்ணீர். பட்டாசு மருந்து மணம், மூத்திர மணம், அதற்கு நடுவில் எங்கள் பற்றீஸ் மாதிரியே ஒன்றைச் சுட்டு விற்கிற கடையின் மணம். ஊரின் ஒவ்வொரு ஒழுங்கையும் கடைசியில் அந்தத் தேவாலயத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டது. முன்னூறு வருடத்துக்கு மேலே பழைய கட்டடம் என்று மால்டாக்காரர் பெருமையோடு சொன்னார். இரண்டு கோபுரம், இரண்டிலும் மணிக்கூடு. ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது பொய் நேரம் காட்டும். பூசை நேரம் தெரியாமல் பேய் குழம்ப வேண்டுமாம். எங்களோடு வந்த பேய் கையில் மணிக்கூடு கட்டியிருந்தபடியால் குழம்பவில்லை.

மால்டாக்காரரின் மனைவி எங்களைக் கண்டதும் முதலில் தங்கச்சியிடம்தான் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினா. பெரியப்பா குறுக்கே கையை விட்டு அதை வாங்கிவிட்டார். "கேக்கட்டும்" என்றார், பிறகு அதையே இங்கிலிசிலும் விளங்கப்படுத்தினார். அந்த மனுசி அவரை மேலும் கீழும் பார்த்தா. உள்ளே போய் ஒரு பெரிய போத்தலைக் கொண்டுவந்து, தங்கச்சியை மடியில் இருத்தி, தன் கையாலேயே குடிக்கக் கொடுத்தா. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றா. அந்தப் பயணத்தில் தங்கச்சி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அந்த வீட்டில்தான்.

மத்தியானம் இறைச்சிக் கறி. சிவப்பாக, எண்ணெய் மிதக்க. பெரியப்பா எங்களுக்கு அள்ளி அள்ளிப் போட்டார். "கோழி, சாப்பிடுங்கோ" என்றார். சாப்பிட்டு முடிந்த பிறகு, பல்லைக் குத்திக்கொண்டே, அது முயல் என்று சொல்லிச் சிரித்தார். இன்டர்லாக்கனில் பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த முயலுக்குத் தங்கச்சியும் நானும் தினமும் புல்லுக் கொடுப்போம். நான் ஓடிப்போய் ஒழுங்கையில் சத்தி எடுத்தேன். அவருக்கு அது நல்ல பகிடியாக இருந்தது.

மறுநாள் திருவிழா. நாங்கள் குளித்து, முழுகி, மணியோடு போனோம். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். வேறு ஒருவரும் கழற்றவில்லை, எங்கள் செருப்புக் குவியலில் ஆட்கள் தடக்கினார்கள். உள்ளே தூண் முழுவதும் சிவப்புப் பட்டுச் சுற்றியிருந்தது. மேலே பார்த்தால் பொன், வெள்ளி, முகிலில் உருளும் சின்னப் பிள்ளைகள், கழுத்து நோகுமட்டும் ஓவியம். காலுக்குக் கீழே பார்த்தால் சலவைக்கல்லில் பதித்த எலும்புக்கூடுகள். நிலம் முழுக்கப் பெரிய மனிதர்களின் சமாதியாம். வெறுங்காலோடு மண்டையோட்டுப் படங்களை மிதித்துக்கொண்டு போனோம். கல்லின் குளிர் மட்டும் சுகமாக இருந்தது.

ஒரு பக்கத்துச் சுவரில் வெள்ளித் தகட்டில் செய்த காலும் கையும் கண்ணும் காதும் தொங்கின. நோய் மாறினவர்கள் கொடுத்ததாம். அம்மாவுக்கு அதைக் கண்டதும் தெம்பு வந்துவிட்டது. "எங்கட கண்மலர் மாதிரித்தான்" என்றா. அதற்கு அடுத்ததாகத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பட்டு உடுப்புப் போட்ட ஒரு புனிதர் படுத்திருந்தார். மெழுகு முகம், ஆனால் பல்லு உண்மையான பல்லு. கையுறைக்குள்ளிருந்து விரல் எலும்பு வெளியே தெரிந்தது. ஆட்கள் வரிசையாக வந்து கண்ணாடியை முத்தமிட்டார்கள். ஒருவர் எச்சில் மேல் இன்னொருவர் எச்சில், கண்ணாடி முழுக்க மங்கல்.

"செத்த பிரேதமோ?" என்று அம்மா பின்னால் நகர்ந்தா. "துடக்கெல்லே. நான் முழுகிப்போட்டு வந்தனான்."

"சும்மா இரு, பிள்ளை. இதுதான் இங்க சக்தி" என்றார் பெரியப்பா.

பெட்டிக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெயில் செத்த பூச்சிகள் மிதந்தன. பெரியப்பா அதில் விரலைத் தோய்த்தார். மற்றக் கையால் தங்கச்சியின் தாடையைப் பிடித்து, வாயைப் பிளந்து, எண்ணெயும் பூச்சியுமாக அந்த விரலை நாக்கில் வைத்துத் தேய்த்தார். அவள் கடித்தாள். முழுப் பலத்தோடும் கடித்தாள். அவர் கத்திக்கொண்டு கையை உதறி, அதே கையால் அவளின் கன்னத்தில் அடித்தார். அந்த அடி குவிமாடம் வரைக்கும் கேட்டிருக்கும், ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உடனே சிரித்து, எல்லோருக்கும் தலையாட்டி, கோட்டைச் சரிசெய்துகொண்டார். உங்கள் படத்தில் இருக்கும் அதே கோட்டுத்தான்.

அம்மா அழுதுகொண்டே மாதாவின் பீடத்து இரும்புக் கம்பியில் மாட்டு மணியைக் கட்டினா. கோயிலைப் பராமரிக்கிற கிழவர் ஓடிவந்து என்னவென்று கேட்டார், மால்டாக்காரர் இடையில் நின்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அம்மா தங்கச்சியைக் கிட்டக் கொண்டுபோய், அவளின் காதடியில் மணியை அடித்தா. மாடு மலையிலிருந்து இறங்கும்போது ஊருக்கே கேட்க வேண்டும் என்று செய்த மணி அது. எனக்குக் காது அடைத்தது. தங்கச்சி மணியிலிருந்த நீலப்பூவைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போதும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

வெளியே வந்தோம். மதிய வெயிலில் படிக்கல் அடுப்பாகச் சுட்டது, செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம். சதுக்கம் நிறையச் சனம், பாண்ட் வாத்தியம், கடதாசிப்பூத் தூவல். மால்டாக்காரரின் மனைவி தங்கச்சியின் கையில் ஒரு துண்டு நூகா மிட்டாயைக் கொடுத்திருந்தா. அப்போதுதான் தேவாலயத்துக்குப் பின்னால் வெடித்தார்கள். அந்த ஊரில் திருவிழா வெடி என்பது எங்கள் சீனவெடி இல்லை. ஒரு பெரிய குண்டு, வானத்தில் போய்ப் பிளக்கிறது. நிலம் அதிர்ந்தது, புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

அப்பா குப்புற விழுந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு விழுந்தா, என் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கினா. யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஷெல் வந்தால் படுக்க வேண்டும், அவ்வளவுதான் உடம்புக்குத் தெரியும். சுற்றி நின்ற சனம் முதலில் விலகியது, பிறகு சிரித்தது. சுடுகல்லில் என் கன்னம் எரிந்தது. பெரியப்பா மட்டும் நிமிர்ந்து நின்றார். ஷெல்லுக்கு முந்தி வந்தவர்தானே.

"எழும்புங்கோ! சனம் பாக்குது, எழும்புங்கோ! வெட்கக்கேடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அம்மா தலையைத் தூக்கினா. எங்களுக்கு முன்னால் தங்கச்சி நின்றாள். நூகாவை நக்கிக்கொண்டு, நாங்கள் ஏன் விழுந்து கிடக்கிறோம் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டு. சுற்றி நின்றவர்களின் கைக்குழந்தைகள்கூட வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. இவள் கண்கூட இமைக்கவில்லை.

இரண்டாவது வெடி. அம்மா இம்முறை படுக்கவில்லை. முழங்காலில் நின்று, தங்கச்சியின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டிருந்தா. அம்மாவின் உடம்பு முழுக்க நடுங்கியது, முகம் மட்டும் அசையவில்லை. தங்கச்சி நூகாவை அம்மாவின் வாயில் வைத்தாள்.

"இவளுக்குக் காது கேக்கேல்லை" என்றா அம்மா. பிறகு உரத்து, "இஞ்சாருங்கோ! பிள்ளைக்குக் காது கேக்கேல்லை!"

அப்பா எழும்பி, சட்டையில் கடதாசிப்பூ ஒட்டியிருக்க, வாயைத் திறந்தபடி நின்றார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். எரிச்சல் இருந்தது, அங்கும் இங்கும் பார்க்கிற பார்வை இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை.

"மெல்லக் கதை, பிள்ளை. ஊரெல்லாம் கேக்கப்போகுது" என்றார்.

நீங்கள் மலரில் போடப்போகும் படம் அதற்குப் பிறகு எடுத்தது. அவர்தான் மால்டாக்காரரின் கையில் கமெராவைக் கொடுத்து, எங்களை வரிசையாக நிற்கவைத்தார். அம்மாவின் கண்ணைப் பாருங்கள். வெயிலில் கூசுகிறது என்று இத்தனை வருடமும் நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இன்டர்லாக்கனுக்குத் திரும்பியதும் அம்மா பெரியப்பாவுக்குச் சொல்லவில்லை. ஞாயிறு வரும்வரை பொறுக்கவும் இல்லை. என் கையையும் தங்கச்சியின் கையையும் பிடித்துக்கொண்டு நேரே டீச்சரின் வீட்டுக்குப் போனா. டீச்சர் தோட்டத்தில் பீன்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தா. அம்மா தன் காதைத் தொட்டு, தங்கச்சியைக் காட்டி, கையை விரித்தா. டீச்சரின் முகம் மாறிவிட்டது. மெதுவாக, எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. வசந்தத்திலேயே சொன்னேனே. இவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன், உடனே பேர்ண் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னேனே. காட்டியாயிற்று, காதில் ஒன்றுமில்லை என்று அவர் எனக்கு ரெலிபோனில் சொன்னாரே.

அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னது நான்தான். எனக்குப் பத்து வயது. பிடிவாதக்காரி என்றோ, மூளை குறைந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றோ டீச்சர் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. வசம்பு, விரல், தண்ணீர், அடி, எல்லாம் அந்த மனிதனின் வாயிலிருந்து பிறந்தவை. அம்மா அழவில்லை. தங்கச்சியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றா. பிறகு டீச்சரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நாலைந்து ஜெர்மன் சொல்லையும் பொறுக்கி எடுத்து, "இனி எனக்குச் சொல்லுங்கோ. எனக்கு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா.

பேர்ண் ஆஸ்பத்திரியில் நல்ல மனிதர்கள். காய்ச்சலில் போன காது, முழுக்கப் போகவில்லை, மெசின் போட்டால் கேட்கும், கதைக்கவும் பழகலாம், ஆனால் பல வருடம் பிந்திவிட்டது என்றார்கள். இலையுதிர்காலத்தில் மெசின் வந்தது. தோல் நிறத்தில், காதுக்குப் பின்னால் கொழுவுகிற இரண்டு சின்னச் சாமான். நீலப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். முதல் நாட்களில் தங்கச்சி வீட்டை ஒரு வழி பண்ணினாள். யக்கெற்றின் சிப்பை மேலும் கீழும் இழுத்து இழுத்துக் கேட்டாள். கரண்டியால் கதவைத் தட்டினாள், கதிரையைத் தட்டினாள், அப்பாவின் மண்டையையும் தட்டினாள். அப்பா தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

மால்டாவுக்குப் பிறகு முதல் தடவையாக, மெசின் வந்த கிழமை ஞாயிறு பெரியப்பா ஒரு பெட்டி சொக்கிலேற்றோடு வந்தார். வழக்கம்போல சோபாவின் நடுவில் இருந்தார். அன்றைக்கு அம்மா சமைக்கவில்லை. அப்பா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனிடம் கேள்வி கேட்டார்.

"டீச்சர் சொன்னதை ஏன் அண்ணை எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். குடும்பத்தில ஒண்டு செவிடு எண்டு தெரிஞ்சால் நாளைக்கு ஆர் கேட்டு வருவினம்? கோயில் குளம் எண்டு போக, தானாச் சரிவந்தால் ஒருத்தருக்கும் தெரியாமல் முடிஞ்சிருக்கும். உங்களை மால்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? நானெல்லோ!"

அந்த மூன்று பேரும் எனக்கு அக்காமார். அக்காமாரே, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்தார், உங்களைக் கேட்டுச் செய்யவில்லை. உங்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அப்பா கத்தினார். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. பெரியப்பா எழும்பி நின்று அதைவிட உரத்துக் கத்தினார். நன்றி கெட்டதுகள் என்றார், பெர்மிட் எடுத்துத் தந்த கதை சொன்னார், செவிட்டைப் பெத்துப்போட்டு என்னில் பிழை சொல்லுறியளோ என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

தங்கச்சி இருவருக்கும் நடுவில் நின்றாள். காதில் மெசின் இருந்தது. இந்த வாயையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளின் முகம் சுருங்கியது, மூக்கு மடிந்தது, உதடு கோணியது. புளித்த பாலைக் குடித்துவிட்ட முகம். மெதுவாக ஒரு மெசினைக் கழற்றினாள். பிறகு மற்றதை. இரண்டையும் நீலப் பெட்டியில் வைத்து, மூடியை அமர்த்தி மூடினாள்.

"நோகுதோ, குஞ்சு?" என்று அம்மா குனிந்து அவளின் காதைத் தொட்டா. தங்கச்சி தலையை ஆட்டினாள். நோகவில்லை. கையை நீட்டிப் பெரியப்பாவைக் காட்டினாள்.

அம்மா அவருக்கு முன்னால் கதிரையில்கூட இருந்தது கிடையாது. போய்க் கதவைத் திறந்தா.

"பெரியத்தான், நீங்கள் போங்கோ. இனி இஞ்ச வரவேண்டாம். எங்களுக்கு நாங்களே கதைப்பம்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கொழுவியிலிருந்த அவருடைய கோட்டை எடுத்து நீட்டினார். அவர் மாடிப்படியில் இறங்கிப் போகிற சத்தத்தை நாங்கள் மூவரும் அசையாமல் நின்று கேட்டோம். கீழே வாசற்கதவு அடித்துச் சாத்தியது. தங்கச்சிக்கு அது ஒன்றும் கேட்கவில்லை, அவள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா மூச்சு விட்டதைக் கண்ட பிறகுதான் பெட்டியைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக அவளின் காதில் மாட்டிவிட்டா.